ரோமின் முதல் பேரரசர்கள்: ஆட்சி யாரிடமிருந்து யாருக்குப் போனது, எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அகஸ்டஸ் முதல் நெர்வா வரை, கி.மு. 27-லிருந்து கி.பி. 98 வரையிலான காலம் இங்கே பேசப்படுகிறது. பணக்கணக்கு வரும் இடங்களுக்கு: 4 செஸ்டர்ஸ் ஒரு தெனாரியஸ் (வெள்ளி), 25 தெனாரியஸ் ஓர் ஆரியஸ் (தங்கம்).

பெயர்களும் ஆண்டுகளும் ஒரே இடத்தில் வேண்டும். கிடைக்குமா?

அகஸ்டஸ் (கி.மு. 27 – கி.பி. 14), டைபீரியஸ் (14–37), கலிகுலா (37–41), கிளாடியஸ் (41–54), நீரோ (54–68). இவர்கள் ஐவரும் ஜூலியோ-கிளாடிய குடும்பம். அடுத்து ஒன்றரை ஆண்டுக்குள் மூவர்: கால்பா (ஜூன் 68 – ஜனவரி 69), ஓத்தோ (ஜனவரி – ஏப்ரல் 69), விட்டெலியஸ் (69 டிசம்பரில் கொல்லப்பட்டார்). பிறகு ஃப்ளேவியக் குடும்பம்: வெஸ்பாசியன் (69–79), அவர் மகன்கள் டைட்டஸ் (79–81), டொமிஷியன் (81–96). கடைசியாக நெர்வா (96–98).

இந்தப் பன்னிரண்டு பேரில், பெற்ற தந்தைக்குப் பின் மகன் ஆட்சிக்கு வந்தது ஒரே ஒரு முறைதான். அந்த மகன் டைட்டஸ். அதற்கே நூறு ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

முதல் பேரரசர் ஜூலியஸ் சீசரா, அகஸ்டஸா?

அகஸ்டஸ். சீசர் கி.மு. 44-இல் ‘வாழ்நாள் டிக்டேட்டர்’ ஆனார். அடுத்த சில வாரங்களில் கொல்லப்பட்டார். அந்தப் பதவியையே பிறகு சட்டம் போட்டு ஒழித்துவிட்டார்கள். சீசரின் சகோதரியுடைய பேரன் கையஸ் ஆக்டேவியஸ், உயில் வழியாக சீசரின் மகனாகி, கி.மு. 31-இல் ஆக்டியம் கடற்போரில் ஆன்டனியையும் கிளியோபாட்ராவையும் வென்றார். கி.மு. 27 ஜனவரியில் செனட் அவருக்கு அகஸ்டஸ் என்ற பெயரைக் கொடுத்தது. கணக்கு அங்கிருந்து தொடங்குகிறது.

அகஸ்டஸ் கையில் இருந்த அதிகாரம் எது? ‘பேரரசர்’ என்று ஒரு பதவி இருந்ததா?

இல்லை. வாரிசுக் குழப்பம் அத்தனைக்கும் வேர் இதுதான். முடி கிடையாது, பட்டாபிஷேகம் கிடையாது, ‘காலியான அரியணை’ என்ற சட்டக் கருத்தும் கிடையாது. ரோம் பெயரளவில் குடியரசாகவே இருந்தது. தனித்தனியான பல அதிகாரங்கள் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தன, அவ்வளவுதான்.

முக்கியமானவை இரண்டு. ஒன்று, படைகள் மீதான கட்டளை அதிகாரமான இம்பீரியம். கி.மு. 27-இல் ஸ்பெயின், கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி), சிரியா போன்ற எல்லைப்புற மாகாணங்கள் பத்தாண்டுத் தவணையில் அகஸ்டஸிடம் ஒப்படைக்கப்பட்டன. லெஜியன்களில் (ரோமின் முதன்மைப் படைப்பிரிவுகள்) பெரும்பாலானவை அங்கேதான் இருந்தன. தவணை முடிய முடியப் புதுப்பித்துக்கொண்டே போனார்கள். இரண்டு, கி.மு. 23-இல் கிடைத்த ட்ரிப்யூன் அதிகாரம். மக்கள் பிரதிநிதியான ட்ரிப்யூனுக்கு உரிய உரிமைகள், அந்தப் பதவியை வகிக்காமலேயே கிடைத்தன: செனட்டைக் கூட்டலாம், சட்டம் கொண்டுவரலாம், எந்த அதிகாரியின் செயலையும் தடுக்கலாம், தன் மேல் யாரும் கை வைக்க முடியாது. கி.மு. 12-இல் தலைமைப் பூசாரிப் பதவி (பொன்டிஃபெக்ஸ் மாக்சிமஸ்), கி.மு. 2-இல் ‘நாட்டின் தந்தை’ பட்டம் எல்லாம் பின்னால் சேர்ந்த அலங்காரம். முதல் இரண்டும் இல்லாமல் யாரும் ஆள முடியாது.

அப்படியானால் உயிலில் எதை எழுதி வைத்தார்கள்?

சொத்தை, பெயரை. ‘சீசர்’ என்ற குடும்பப் பெயர் தத்து வழியாக இறங்கும். நிலம், தங்கம், அடிமைகள், விடுதலை பெற்ற அடிமைகளின் விசுவாசம் எல்லாம் உயில் வழியாக இறங்கும். இம்பீரியமும் ட்ரிப்யூன் அதிகாரமும் இறங்காது. அவற்றைச் செனட்டும் மக்கள் அவையும் புதிதாக ஒருவருக்கு வழங்க வேண்டும்.

ஆகவே ஒரு பேரரசர் தனக்குப் பின் இன்னார் வர வேண்டும் என்று நினைத்தால், உயிரோடு இருக்கும்போதே அவருக்கு இந்த இரண்டு அதிகாரங்களையும் வாங்கிக் கொடுத்துவிட வேண்டும். அப்போது மரணத்தால் புதிதாக எதுவும் கைமாற வேண்டியதில்லை. இருவரில் ஒருவர் போனார், மற்றவர் இருக்கிறார். இப்படிச் செய்த மூன்று முறையும் (டைபீரியஸ், டைட்டஸ், நெர்வாவுக்குப் பின் வந்த டிராஜன்) ஆட்சி ரத்தம் சிந்தாமல் மாறியது என்று கிட்டத்தட்டச் சொல்லலாம். செய்யாதபோது முடிவை எடுத்தது மெய்க்காவல் படை, அல்லது எல்லையில் இருந்த லெஜியன்.

அகஸ்டஸ் ஏன் இத்தனை முறை வாரிசை மாற்றினார்?

அவர் மாற்றவில்லை, அவர்கள் இறந்துகொண்டே போனார்கள். பெற்ற பிள்ளை ஜூலியா ஒருத்திதான். அவளைக் கட்டிக்கொடுத்தே கணக்குப் போட வேண்டியிருந்தது.

முதலில் அக்காள் ஆக்டேவியாவின் மகன் மார்செல்லஸ். கி.மு. 25-இல் ஜூலியாவை மணந்தார். கி.மு. 23-இல் அகஸ்டஸ் சாகக் கிடந்தபோது, முத்திரை மோதிரத்தை மருமகனிடம் தராமல் பழைய தோழர் அக்ரிப்பாவிடம் கொடுத்தார். அனுபவம் இல்லாத இளைஞனிடம் படைகளை விட முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அகஸ்டஸ் பிழைத்தார், அதே ஆண்டு மார்செல்லஸ் இறந்தார்.

கி.மு. 21-இல் ஜூலியாவை அக்ரிப்பாவுக்கே மணமுடித்தார்கள். அவர்களுக்குப் பிறந்த கையஸ், லூசியஸ் இருவரையும் கி.மு. 17-இல் தாத்தா தன் மகன்களாகத் தத்தெடுத்தார். அக்ரிப்பாவுக்கு ட்ரிப்யூன் அதிகாரமும் கிடைத்தது. பையன்கள் வளரும்வரை அவர் காபந்து. கி.மு. 12-இல் அக்ரிப்பாவும் போய்விட, மூன்றாவது முறையாக ஜூலியாவுக்கு மாப்பிள்ளை தேடியபோது அகப்பட்டவர் டைபீரியஸ், அகஸ்டஸின் மனைவி லிவியாவுக்கு முதல் கணவர் மூலம் பிறந்தவர். தன் மனைவி விப்சானியாவை விட்டுவிட்டு ஜூலியாவைக் கட்டச் சொன்னார்கள். விப்சானியா அக்ரிப்பாவின் மகள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இந்தக் குடும்ப அட்டவணை எவ்வளவு சிக்கல் என்பது புரியும்.

கி.மு. 6-இல் ட்ரிப்யூன் அதிகாரம் பெற்ற கையோடு டைபீரியஸ் எல்லாவற்றையும் விட்டு ரோட்ஸ் தீவுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். கி.மு. 2-இல் ஜூலியா ஒழுக்கக் குற்றச்சாட்டில் பண்டேட்டரியா தீவுக்கு நாடுகடத்தப்பட்டாள். கி.பி. 2-இல் லூசியஸ் மசிலியாவில் (இன்றைய மார்சேய்) நோயில் இறந்தார். கி.பி. 4-இல் கையஸ், அர்மீனியாவில் பட்ட காயத்தோடு திரும்பும் வழியில் லைசியாவில் (இன்றைய தென்மேற்குத் துருக்கி) இறந்தார். லிவியா விஷம் வைத்தாள் என்ற கதை பழைய ஆசிரியர்களிடமே வதந்தியாகத்தான் வருகிறது. பேரன்கள் இறந்த ஊர்களைப் பார்த்தால் அது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை.

மிஞ்சியவர் டைபீரியஸ். கி.பி. 4 ஜூன் 26 அன்று அகஸ்டஸ் அவரைத் தத்தெடுத்தார். அதற்கு முன்பே ஒரு நிபந்தனை: டைபீரியஸுக்குச் சொந்த மகன் டிரூசஸ் இருந்தும், தம்பி மகன் ஜெர்மானிகஸை அவர் தத்தெடுக்க வேண்டும். அகஸ்டஸ் ஒரு வாரிசை மட்டுமல்ல, அந்த வாரிசின் வாரிசையும் தானே முடிவு செய்தார்.

தத்தெடுப்பது சட்டப்படி எப்படி நடந்தது?

இரண்டு வகை. தந்தையின் அதிகாரத்தின் கீழ் இருப்பவரைத் தத்தெடுத்தால் அது ஒருவகை விற்பனை. சாட்சிகள் முன்னிலையில், தராசும் செம்புக்காசும் வைத்து, பெற்ற தந்தை மகனைப் பெயரளவில் ‘விற்பார்’. கையஸையும் லூசியஸையும் அகஸ்டஸ் அக்ரிப்பாவிடமிருந்து இப்படித்தான் வீட்டில் வைத்து வாங்கினார் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதுகிறார்.

தந்தை இறந்து, தானே குடும்பத் தலைவராக இருப்பவரைத் தத்தெடுப்பது கடினம். ஒரு குடும்பமே சட்டப்படி மறைகிறது என்பதால் பூசாரிகள் விசாரிக்க வேண்டும், மக்கள் அவை ஒப்புக்கொள்ள வேண்டும். டைபீரியஸ் இந்த வகை. நாற்பத்து நான்கு வயதில், பல போர்களை நடத்திய தளபதி, தத்துக்குப் பிறகு சொந்தமாக ஒரு பரிசுகூடத் தர முடியாது, ஓர் அடிமையைக்கூட விடுதலை செய்ய முடியாது. வீட்டுப் பிள்ளைக்குச் சொத்து கிடையாது. அவர் அதை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தார்.

இடறும் இடம் ஒன்று உண்டு. கி.பி. 50-இல் கிளாடியஸ், மனைவி அக்ரிப்பினாவின் மகன் நீரோவைத் தத்தெடுத்தார். கிளாடியஸின் மகள் ஆக்டேவியா ஏற்கெனவே நீரோவுக்கு நிச்சயிக்கப்பட்டவள். தத்தெடுத்த அந்த நிமிடமே இருவரும் சட்டப்படி அண்ணன்-தங்கை. கல்யாணம் செல்லாது. ஆகவே ஆக்டேவியாவை வேறொரு குடும்பத்துக்குத் தத்துக் கொடுத்து, பிறகு கி.பி. 53-இல் மணமுடித்தார்கள். அதற்கு முன், கிளாடியஸ் தன் அண்ணன் மகளான அக்ரிப்பினாவை மணப்பதற்கும் கி.பி. 49-இல் செனட் தனியாகத் தீர்மானம் போட வேண்டியிருந்தது. (தாய்மாமனுக்குக் கட்டிக்கொடுப்பது நம் ஊரில் சாதாரணம்; ரோமில் சித்தப்பா தன் அண்ணன் மகளை மணப்பது தகாத உறவு.)

இவர்களில் யாருக்கு அகஸ்டஸின் ரத்தம் ஓடியது?

கலிகுலாவுக்கும் நீரோவுக்கும். ஜூலியாவின் மகள் மூத்த அக்ரிப்பினா. அவள் மகன் கலிகுலா, மகள் இளைய அக்ரிப்பினா. அவள் மகன் நீரோ. டைபீரியஸுக்கு ரத்த உறவு இல்லை. கிளாடியஸ் அகஸ்டஸின் அக்காள் ஆக்டேவியாவின் பேரன், ஆனால் ஜூலியஸ் குடும்பத்துக்குத் தத்துப் போகாதவர். ஆட்சிக்கு வந்ததும் ‘சீசர்’ பெயரைத் தானே சூட்டிக்கொண்டார். அந்த நாள் முதல் சீசர் குடும்பப் பெயராக இல்லாமல் பதவிப் பெயராக மாறத் தொடங்கியது.

ஒரு பேரரசர் இறந்த அன்று வரிசையாக என்னென்ன நடக்கும்?

எழுதப்பட்ட விதிமுறை இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய இதே வரிசைதான்: சாவை மறைப்பது, மெய்க்காவல் படைக்குக் கடவுச்சொல் தருவது, முகாமில் பணம் அறிவிப்பது, பிறகு செனட், கடைசியில் மாகாணங்களின் விசுவாசப் பிரமாணம்.

நெருங்கிப் பார்க்க நல்ல உதாரணம் கி.பி. 54 அக்டோபர் 13. கிளாடியஸ் இறந்துவிட்டார், செனட்டில் அவர் நலனுக்காக இன்னும் வேண்டுதல் நடக்கிறது, உடலைப் போர்வையால் மூடி வைத்திருக்கிறார்கள். அக்ரிப்பினா, கிளாடியஸின் பதின்மூன்று வயது மகன் பிரிட்டானிகஸை ஆறுதல் சொல்வதுபோல் கட்டிப்பிடித்து அறையை விட்டு வெளியே விடவில்லை. நண்பகலில் அரண்மனைக் கதவு திறக்கிறது. பதினாறு வயது நீரோ, காவல்படைத் தலைவர் புர்ரஸ் பக்கத்தில் நிற்க, வெளியே வருகிறார். புர்ரஸ் ஜாடை காட்ட, காவலர்கள் வாழ்த்தொலி எழுப்புகிறார்கள். சிலர் தயங்கி, பிரிட்டானிகஸ் எங்கே என்று கேட்கிறார்கள், பதில் வரவில்லை. பல்லக்கில் முகாமுக்குப் போய், ஒரு சிறு பேச்சு, கிளாடியஸ் கொடுத்த அதே அளவு பணம் தருவதாக வாக்கு. வாழ்த்து முழங்குகிறது. படை முடிவு செய்த பிறகு செனட் தீர்மானம் போடுகிறது. உயில் மட்டும் பொதுவில் வாசிக்கப்படவில்லை. பிரிட்டானிகஸ் அடுத்த ஆண்டே விருந்து மேசையில் இறந்தான்.

நீரோவிடம் அப்போது நகருக்கு வெளியே செல்லுபடியாகும் இம்பீரியம் மட்டும் இருந்தது, ட்ரிப்யூன் அதிகாரம் இல்லை. அந்தப் பாதித் தயாரிப்பின் மீதியைப் பணமும் புர்ரஸும் நிரப்பினார்கள்.

கி.பி. 14-இல் டைபீரியஸ் மறுப்பதுபோல் நடித்தாரே, அது ஏன்?

ஆகஸ்ட் 19 அன்று அகஸ்டஸ் நோலாவில் இறந்தார். டைபீரியஸ் அன்றே காவல்படைக்குக் கடவுச்சொல் கொடுத்தார், ட்ரிப்யூன் அதிகாரத்தை வைத்தே செனட்டைக் கூட்டினார். கான்சல்கள் (ஆண்டுதோறும் மாறும் தலைமை அதிகாரிகள்) இருவரும் முதலில் அவர் பெயரில் பிரமாணம் எடுத்தார்கள். அடுத்து காவல்படைத் தலைவர், தானிய விநியோகத் தலைவர். பிறகு செனட், படை, மக்கள். ஆயுதமும் சோறும் செனட்டுக்கு முன் வருவதைக் கவனியுங்கள்.

செப்டம்பர் 17-இல் செனட் கூடியபோது ‘இவ்வளவு பெரிய சுமை எனக்கு வேண்டாம்’ என்றார். அதிகாரம் கையில் இருந்தது. தனக்கென்று அதைக் கேட்டுப் பெற்றதாக இருக்கக்கூடாது என்ற கவலைதான் அவரை ‘வேண்டாம்’ என்று சொல்ல வைத்தது. எல்லையில் அப்போதே பிரச்சினை. டான்யூப் எல்லை மாகாணமான பன்னோனியாவில் 3 லெஜியன்கள் கலகம் செய்தன: ஒரு நாளைக்கு ஒரு தெனாரியஸ் சம்பளம், 16 ஆண்டில் ஓய்வு என்பது கோரிக்கை. ரைன் கரையில் கலகக்காரர்கள் ஜெர்மானிகஸையே ஆட்சிக்கு அழைத்தார்கள், அவர் மறுத்தார். நாடுகடத்தப்பட்டிருந்த ஜூலியாவின் கடைசி மகன் அக்ரிப்பா போஸ்டுமஸ் உடனே கொல்லப்பட்டான். உத்தரவு யாருடையது என்று ஒருவரும் பொறுப்பேற்கவில்லை. மேலே ‘கிட்டத்தட்ட’ என்று சொன்னது இவனுக்காகத்தான்.

கலிகுலா உயிலை மீறி வந்தாரா?

ஆமாம். டைபீரியஸின் உயிலில் இரண்டு வாரிசுகள் சம பங்கோடு: ஜெர்மானிகஸின் மகன் கையஸ் (கலிகுலா), சொந்தப் பேரன் ஜெமெல்லஸ். ஜெர்மானிகஸ் 19-இல், மகன் டிரூசஸ் 23-இல் இறந்துவிட்டதால் பேரன் தலைமுறைதான் மிச்சம். 37 மார்ச் 16 அன்று டைபீரியஸ் மிசேனத்தில் இறந்ததும், காவல்படைத் தலைவர் மாக்ரோ எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தார். எழுதியவர் சித்தசுவாதீனமில்லாதவர் என்று சொல்லி உயிலைச் செனட் ரத்து செய்தது. உயிலில் குறித்த தொகைகளை கலிகுலா அப்படியே பட்டுவாடா செய்தார். ரத்தானது ஜெமெல்லஸின் பங்கு மட்டும். கலிகுலா அவனைத் தத்தெடுத்துக்கொண்டார். சிறிது காலத்தில் சாகச் செய்தார்.

டைபீரியஸ் இருவரில் எவருக்கும் பெரிய அதிகாரம் எதையும் தரவில்லை. 24 வயதுப் பையன், எந்த மாகாணத்தையும் ஆளாதவன், மொத்த அதிகாரத்தையும் ஒரே நாளில் பெற்றது இதுவே முதல் முறை. பிறகு அதுவே வழக்கமாயிற்று.

கிளாடியஸைத் திரைக்குப் பின்னாலிருந்து இழுத்து வந்தது உண்மையா?

பழைய ஆசிரியர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். 41 ஜனவரி 24 அன்று அரண்மனைப் பாதை ஒன்றில், காவல்படை அதிகாரி கசியஸ் கேரியாவும் கூட்டாளிகளும் கலிகுலாவை வெட்டினார்கள். அவர் மனைவியும் பச்சைக் குழந்தையும் கொல்லப்பட்டார்கள். ஒளிந்திருந்த சித்தப்பா கிளாடியஸை ஒரு காவலர் கண்டுபிடித்து, முகாமுக்குக் கொண்டுபோனார்கள். குடியரசை மீட்கலாமா, தங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாமா என்று செனட் பேசிக்கொண்டிருக்கும்போதே முகாமில் விவகாரம் முடிந்துவிட்டது.

விலை: ஆளுக்கு 15,000 செஸ்டர்ஸ். அகஸ்டஸ் காலத்துக் கணக்குப்படி காவலருக்கு நாளுக்கு 2 தெனாரியஸ், ஆண்டுக்கு ஏறத்தாழ 2,900 செஸ்டர்ஸ். ஆக ஐந்து ஆண்டுச் சம்பளம். ஆண்டுக்கு 900 செஸ்டர்ஸ் வாங்கும் சாதாரண லெஜியன் வீரருக்கு இது பதினாறு ஆண்டுச் சம்பளத்துக்கும் மேல். அகஸ்டஸ் உயிலில் காவலருக்கு 1,000, லெஜியன் வீரருக்கு 300 என்று எழுதியது அன்பளிப்பு, இது கொள்முதல். கிளாடியஸ் அதை மறைக்கவும் இல்லை. முகாமின் மதிலைப் பொறித்து, ‘பேரரசர் ஏற்கப்பட்டார்’ என்ற பொருளில் எழுத்துப் போட்டு நாணயமே வெளியிட்டார்.

முகாம் என்று ஒன்று இருந்ததே இதற்குக் காரணம். அகஸ்டஸ் காவல்படையைப் பல ஊர்களில் பிரித்து வைத்திருந்தார். கி.பி. 23 வாக்கில் டைபீரியஸின் காவல்படைத் தலைவர் செஜானஸ் எல்லாரையும் நகர விளிம்பில் ஒரே முகாமில் குவித்தார். செஜானஸ் 31-இல் கொல்லப்பட்டார், முகாம் நின்றது.

69-ஆம் ஆண்டு என்ன நடந்தது? யார் யாரைக் கொன்றார்கள்?

68 ஜூன் 9 அன்று நீரோ தற்கொலை செய்துகொண்டார், வயது 30. தத்தோ, ரத்தமோ, அகஸ்டஸ் குடும்பத்தில் ஆட்சிக்கு வரக்கூடியவர் யாரும் மிச்சமில்லை. நீரோவுக்கு எதிராக ஸ்பெயினில் கிளம்பிய ஆளுநர் கால்பாவைச் செனட் ஏற்றது. அவர் பெயரைச் சொல்லி, காவல்படைத் தலைவர் நிம்ஃபிடியஸ் ஆளுக்கு 30,000 செஸ்டர்ஸ் என்று வாக்குக் கொடுத்திருந்தார். எழுபதைக் கடந்த கால்பா, படைவீரர்களைத் தேர்ந்தெடுப்பேன், விலைக்கு வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நேர்மையான பேச்சு, ஆனால் காவல்படை கேட்டது காசு.

69 ஜனவரி 1: மேல் ஜெர்மனி லெஜியன்கள் பிரமாணம் எடுக்க மறுத்தன. அடுத்த இரண்டு நாளில் ரைன் படைகள் விட்டெலியஸைப் பேரரசராக அறிவித்தன. கால்பா அவசரமாக ஜனவரி 10 அன்று பீசோ என்ற குலப்பெருமை மிக்க இளைஞரைத் தத்தெடுத்து முகாமில் அறிவித்தார், அப்போதும் பணம் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. சிறு தொகையாவது கொடுத்திருந்தால் மனம் மாறியிருக்கும் என்பது ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸின் கணிப்பு. தான் தத்தெடுக்கப்படுவோம் என்று நம்பியிருந்த ஓத்தோ, ஜனவரி 15 அன்று மன்றச் சதுக்கத்தில் 23 காவலர்கள் வாழ்த்த, பேரரசரானார். அத்தனை குறைவான ஆட்களைக் கண்டு அவரே மிரண்டாராம். மாலைக்குள் கால்பா, பீசோ இருவர் தலையும் ஈட்டி முனையில்.

ஏப்ரல் 14: வட இத்தாலியில் பெட்ரியாகம் போரில் ஓத்தோ படை விட்டெலியஸ் படையிடம் தோற்றது, இரண்டு நாளில் ஓத்தோ தற்கொலை. ஜூலை 1: அலெக்சாந்திரியாவில் எகிப்தின் ஆளுநர் டைபீரியஸ் ஜூலியஸ் அலெக்சாண்டர் தன் லெஜியன்களை, யூதேயாவில் போர் நடத்திக்கொண்டிருந்த தளபதி வெஸ்பாசியன் பெயரில் பிரமாணம் எடுக்க வைத்தார். அக்டோபர் 24: அதே பெட்ரியாகம் அருகே விட்டெலியஸ் படை, வெஸ்பாசியன் பக்கம் சேர்ந்த டான்யூப் லெஜியன்களிடம் தோற்றது. டிசம்பர் 20: ரோம் பிடிபட்டது, விட்டெலியஸ் கொல்லப்பட்டார். வெஸ்பாசியன் ரோமுக்கு வந்து சேர்ந்தது அடுத்த ஆண்டுதான்.

வெஸ்பாசியன் எந்த உரிமையில் ஆண்டார்?

அதற்கு மட்டும் கையில் ஆவணம் இருக்கிறது. வெஸ்பாசியனின் அதிகாரங்களை வரிசைப்படுத்தும் சட்டத்தின் வெண்கலப் பலகை ரோமில் கபிடோலின் அருங்காட்சியகத்தில் உள்ளது. தொடக்கப் பகுதி தொலைந்துவிட்டது. மிஞ்சியதில் எட்டு உட்பிரிவுகள். ஒப்பந்தம் செய்யலாம், செனட்டைக் கூட்டலாம், தேர்தலில் தன் ஆட்களைப் பரிந்துரைக்கலாம் என்று போகிறது. ‘அகஸ்டஸ், டைபீரியஸ், கிளாடியஸுக்கு இருந்ததுபோல’ என்று முன்னுதாரணம் சொல்லும் இடங்களில் கலிகுலா, நீரோ, 69-இன் மூவர் பெயர் எதுவும் இல்லை. பொதுநலனுக்கு எது தேவை என்று நினைக்கிறாரோ அதைச் செய்யலாம் என்ற உட்பிரிவு ஒன்றே மற்றவற்றை விழுங்கிவிடுகிறது. கடைசியில், இந்தச் சட்டம் வருவதற்கு முன் அவர் செய்தவை எல்லாமும் செல்லும் என்று ஒரு வரி.

அந்த வரியோடு ஒத்துப்போவது: செனட் அதிகாரம் வழங்கியது டிசம்பரில். வெஸ்பாசியன் தன் ஆட்சி ஆண்டை எண்ணியதோ ஜூலை 1-லிருந்து, அதாவது படை வாழ்த்திய நாளிலிருந்து. இதற்கு முன் யாரும் இதை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னதில்லை.

மூத்த மகன் டைட்டஸுக்கு 71-லேயே ட்ரிப்யூன் அதிகாரம், இம்பீரியம், காவல்படைத் தலைமை மூன்றும் கொடுத்துவிட்டார். காவல்படையே வாரிசின் கையில் இருந்தால் அதை விலைக்கு வாங்க ஆளில்லை. 79 ஜூனில் வெஸ்பாசியன் இறந்தபோது சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. டைட்டஸ் 81 செப்டம்பர் 13-இல் இறக்க, தம்பி டொமிஷியன் நேரே முகாமுக்குப் போனார். அவருக்கு அண்ணன் அதிகாரம் எதுவும் கொடுத்து வைக்கவில்லை.

நெர்வாவிலிருந்து ‘தகுதி பார்த்துத் தத்தெடுக்கும்’ முறை வந்ததாமே?

முறை என்று சொல்வது மிகை. நெர்வா, டிராஜன், ஹேட்ரியன், அன்டோனைனஸ் பயஸ் நால்வருக்கும் உயிரோடு மகன் இல்லை. மகன் இருந்த முதல் ஆள் மார்கஸ் அரேலியஸ். அவர் மகன் கொமோடஸ்தான் அடுத்து வந்தார்.

நெர்வாவின் தேர்வும் தத்துவத்தில் பிறந்ததல்ல. 96 செப்டம்பர் 18 அன்று டொமிஷியனை அரண்மனை ஆட்கள் குத்திக் கொன்றார்கள்; அன்றே செனட் நெர்வாவை ஏற்றது. 97-இல் காவல்படை அவரை வளைத்து, கொலையாளிகளை ஒப்படைக்கச் சொல்லி மிரட்டிப் பெற்றது. பலவீனம் வெளியே தெரிந்துபோன நிலையில், மேல் ஜெர்மனியில் லெஜியன்களோடு இருந்த டிராஜனை அவர் இல்லாமலேயே தத்தெடுத்து, இரண்டு அதிகாரங்களையும் வாங்கிக் கொடுத்தார். மூன்று மாதத்தில், 98 ஜனவரியில், நெர்வா இறந்தார். டிராஜன் ரோமுக்கு வர 99 வரை அவசரப்படவில்லை. அவர் வராததால் ஒன்றும் குடிமுழுகவும் இல்லை.

யார் யாரைத் தெய்வமாக்கினார்கள்? அதனால் வாரிசுக்கு என்ன லாபம்?

இந்தப் பட்டியலில் அகஸ்டஸ், கிளாடியஸ், வெஸ்பாசியன், டைட்டஸ், நெர்வா. செனட் வாக்களித்தால் இறந்தவர் தெய்வம்; தத்துப் பிள்ளையானாலும் வாரிசு ‘தெய்வத்தின் மகன்’ என்று போட்டுக்கொள்ளலாம். நீரோ கிளாடியஸைத் தெய்வமாக்கியது பக்தியால் அல்ல. டைபீரியஸை ஆக்கும்படி கலிகுலா கேட்டும் செனட் வழவழவென்று தள்ளிப்போட்டது.

பெயர்கள் குழப்புகின்றன. எளிய வழி உண்டா?

குறுக்குவழி இல்லை. டிரூசஸ் என்று படித்தால், டைபீரியஸின் தம்பியா (கி.மு. 9-இல் இறந்தவர்), மகனா (கி.பி. 23), ஜெர்மானிகஸின் மகனா (33) என்று இறந்த ஆண்டைப் பாருங்கள். அக்ரிப்பினா என்றால் தாய் கலிகுலாவைப் பெற்றவள், மகள் நீரோவைப் பெற்றவள். ஆக்டேவியா என்றால் அகஸ்டஸின் அக்காள் அல்லது நீரோவின் மனைவி. தத்துக்குப் பிறகு பெயர் மாறும் என்பதால் ஒரே ஆளுக்கு இரண்டு, மூன்று பெயர்கள் இருப்பதும் உண்டு: ஆக்டேவியன், அகஸ்டஸ் இருவரும் ஒருவரே.

ரோமானிய நாணயத்தை வைத்து ஆண்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

‘டி ஆர் பி’ (TR P) என்ற மூன்று எழுத்துகளைத் தேடுங்கள். ட்ரிப்யூன் அதிகாரத்தின் சுருக்கம் அது. பின்னால் வரும் ரோமன் எண், எத்தனையாவது ஆண்டு என்பது. கிளாடியஸுக்கு அது 41 ஜனவரி 25-இல் தொடங்குகிறது. ஆகவே எண்ணோடு 40-ஐக் கூட்டினால் போதும். பிரிட்டன் வெற்றி வளைவு பொறித்த அவருடைய நாணயத்தில் 6 என்று இருந்தால் 46 ஜனவரி முதல் 47 ஜனவரி வரை.

தவறு நேரும் இடங்கள்: எண் இல்லாமல் வெறும் ‘டி ஆர் பி’ இருந்தால் பெரும்பாலும் முதல் ஆண்டு, எப்போதும் அல்ல. புதுப்பிக்கும் நாள் ஆளுக்கு ஆள் மாறும். வெஸ்பாசியனுக்கு ஜூலை 1. அகஸ்டஸுக்குக் கணக்கிடும்போது கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1, நடுவில் பூஜ்யம் இல்லை, கி.மு. 23-இல் 1 என்றால் கி.பி. 14-இல் 37. சந்தேகம் வந்தால் ‘சி ஓ எஸ்’ (COS, எத்தனையாவது முறை கான்சல்) எண்ணோடு ஒத்துப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் கிடைக்கும் ரோமானிய நாணயங்களுக்கும் இந்த வாரிசுக் கதைக்கும் தொடர்பு உண்டா?

நேரடியாகவே உண்டு. கோவை, கரூர் வட்டாரப் புதையல்களில் மிகுதியாகக் கிடைக்கும் வெள்ளிக் காசு வகைகள் இரண்டு. ஒன்றில் முன்பக்கம் அகஸ்டஸ் தலை. பின்பக்கம் டோகா (ரோமானியரின் மேலாடை) உடுத்த இரு இளைஞர்கள், நடுவில் இரண்டு கேடயங்களும் ஈட்டிகளும். அவர்கள்தான் கையஸும் லூசியஸும். கி.மு. 2 வாக்கில் லுக்டூனத்தில் (இன்றைய லியோன்) அடிக்கத் தொடங்கிய காசு, அடுத்த ஆட்சிக்கான விளம்பரம். கி.பி. 4-க்குள் இருவரும் இறந்துவிட்டாலும், காசு கடல் தாண்டி இங்கே புழங்கியது. இரண்டாவது, டைபீரியஸ் தலையும் பின்பக்கம் அமர்ந்த பெண்ணும் உள்ள ‘பொன்டிஃப் மாக்சிம்’ வகை. இதில் ‘டி ஆர் பி’ எண் கிடையாது. ஆகவே மேலே சொன்ன கணக்கு இதற்கு உதவாது, அவர் ஆட்சியின் 23 ஆண்டுகளில் எதுவாகவும் இருக்கலாம்.

பிற்காலக் காசுகளை விட இவை இங்கே அதிகம் கிடைப்பதற்கு எடையும் தரமும் பெரிய காரணமாகச் சொல்லப்படுகின்றன. நீரோ கி.பி. 64 வாக்கில் ஒரு பவுண்டு வெள்ளியில் 84 தெனாரியஸுக்குப் பதில் 96 அடிக்க வைத்தார், வெள்ளியின் தரத்தையும் குறைத்தார். வெள்ளியை எடை போட்டு வாங்கும் வியாபாரிக்குப் பழைய காசுதான் லாபம்.

புதுக்கோட்டைப் பகுதியில் 1898-இல் கிடைத்த புதையலில் 501 தங்க ஆரியஸ்கள். கடைசிப் பேரரசர் வெஸ்பாசியன். பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளிவெட்டு. காசாக இனி செல்லாது, தங்கமாக மட்டும் மதிக்கவும் என்பதற்கான அடையாளம் என்பது பரவலான விளக்கம். முகம் வெட்டுப்பட்டிருப்பதால், இப்படிப்பட்ட காசுகளில் பேரரசரை அடையாளம் காண ஓரத்து எழுத்துகளைத்தான் முதலில் படிக்க வேண்டும்.